பாங்காக்கில் 10 மணி நேர லேயோவர்: எந்த புத்த கோயில்கள், எந்த வரிசையில்?

#1 தாமரைக்குளம்

வணக்கம். சென்னை – பாங்காக் – டோக்கியோ, ஒரே டிக்கெட். சுவர்ணபூமியில் காலை 6:15க்கு இறங்கி, மாலை 4:30க்கு அடுத்த விமானம். கூட வருபவர்கள் அம்மா (66), அப்பா (71). அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் நடப்பார், படிதான் சிரமம்.

என் பட்டியல் (‘வாட்’ என்றால் கோயில்): அரண்மனை வளாகத்தில் மரகத புத்தர், வாட் போ, வாட் அருண், வாட் திரைமிட் பொன் புத்தர், வாட் சாகெட் பொன்மலை. ஐந்தையும் முடிக்க முடியுமா? முடியாது என்றால் எதை வெட்டலாம்?

#2 தண்டவாளம்

ஐந்து முடியாது. இரண்டு முடியும், அதுவும் நிதானமாக. கணக்கைப் பின்னாலிருந்து போட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

4:30 விமானத்துக்கு 1:30க்கு விமான நிலையத்துக்குள் இருக்க வேண்டும். வெளியேறும் குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, கேட் வரை நடை எல்லாம் அதற்குப் பிறகுதான். துணைக் கட்டடத்தில் (2023இல் திறந்த சாட்-1) உங்கள் கேட் வந்தால் தானியங்கி ரயிலில் ஏறித்தான் போக வேண்டும். அதற்குக் கூடுதலாக 20 நிமிடம் வையுங்கள். ஆகவே 12:10க்கு மேல் கோயில் பகுதியில் நிற்கக் கூடாது.

இப்போது முன்பக்கம். 6:15க்குச் சக்கரம் தரை தொட்டால் குடியேற்ற வரிசையைக் கடந்து வெளியே வர 7:30 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வரும் விமானங்கள் பல விடியற்காலையில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதால் அந்த நேரத்தில் வரிசை நீளும். நேராகக் கீழ்த்தளம் (லிஃப்டில் ‘பி’). அங்கே ஏர்போர்ட் ரயில் லிங்க். மக்கசான் வரை 35 பாட், 22 நிமிடம் அளவு, ஐந்தாவது நிலையம். கடைசி நிலையமான பயா தாய் வரை போய்விடாதீர்கள். அது வேறு ரயிலுக்கான இடம்.

மக்கசானில் இறங்கி, மேல் நடைபாதை வழியாக ஐந்து நிமிடம் நடந்தால் எம்.ஆர்.டி. (நகர மெட்ரோ ரயில்) நீலத் தடத்தின் பெட்சபுரி நிலையம். அங்கே லக் சோங் என்று போட்ட பக்கம் ஏறுங்கள். எதிர்ப்பக்கம் ஏறினால் வண்டி வடக்கே சதுசாக், பாங் சூ என்று நகரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். கோயில் வராது, அரை மணி நேரம் போய்விடும். சரியான பக்கம் ஏறினால் பத்தாவது நிலையம் சனாம் சாய்.

8:45க்கு சனாம் சாய், 8:55க்கு வாட் போ வாசல். 8:55இலிருந்து 12:10 வரை மூன்றேகால் மணி நேரம். உங்கள் கையில் இருப்பது இவ்வளவுதான், பத்து மணி நேரம் இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று தெளிவு: இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே 7 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் வெளியே போகவே வேண்டாம்.

#3 பூங்கோதை

தண்டவாளம் சொன்ன கணக்கு சரி. ஆனால் அது மூன்று விஷயங்கள் ஒழுங்காக இருந்தால்தான் நடக்கும். முதலில் அவற்றைச் சரிபாருங்கள்.

1. பெட்டி. ஒரே டிக்கெட் என்பதால் பெட்டி டோக்கியோவுக்கே போய்விட வேண்டும். சென்னை கவுண்டரில் கொடுக்கும் பெட்டிச் சீட்டில் கடைசி ஊர்க் குறியீடு என்ன என்று கண்ணால் பாருங்கள். பாங்காக் குறியீடு (பி.கே.கே.) கடைசியாக இருந்தால் இங்கே இறக்கிவிடுவார்கள். அங்கேயே கேட்டு மாற்றுங்கள், இறங்கிய பிறகு மாற்ற முடியாது. இரண்டு விமானத்துக்கும் போர்டிங் பாஸும் சென்னையிலேயே கேளுங்கள்.

2. தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை. 2025 மே 1 முதல் குடியேற்றச் சோதனையைக் கடக்கும் வெளிநாட்டவர் எல்லோருக்கும் கட்டாயம். வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். முற்றிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரப் பக்கங்கள் சில கட்டணம் கேட்கும். தாய்லாந்துக் குடியேற்றத் துறையின் அரசுத் தளம் மட்டுமே போதும். மூன்று பேருக்கும் தனித்தனியாக நிரப்பி, படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். வரிசையில் நின்றுகொண்டு பெற்றோருக்கு நிரப்ப ஆரம்பித்தால் அங்கேயே முக்கால் மணி நேரம் போய்விடும்.

3. விசா. இந்தியக் கடவுச்சீட்டுக்கான விதி கடந்த சில ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. கிளம்பும் வாரத்தில் தாய்லாந்துத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய பதிவுகளை நம்ப வேண்டாம், இந்த இழையையும் சேர்த்தே சொல்கிறேன்.

கைப்பையை விமான நிலையத்தின் பொருள் வைப்பு அறையில் வைத்துவிட்டுப் போவது நல்லது. எம்.ஆர்.டி. நுழைவில் பையைத் திறந்து காட்ட வேண்டும், கோயில் படியில் தோளில் கனம் இருக்கக் கூடாது. கடவுச்சீட்டு மட்டும் உடம்போடு இருக்கட்டும்.

#4 வடகரை

நான் மாறுபடுகிறேன். பாங்காக் வரை போய் மரகத புத்தரைப் பார்க்காமல் திரும்புவது சரியில்லை. இவர்கள் மறுபடி எப்போது அந்த ஊருக்குப் போவார்கள்? அரண்மனை 8:30க்குத் திறக்கிறது. நேராக அங்கே போய், முடித்துவிட்டு வாட் போ. வாட் அருணை விட்டுவிடலாம்.

மரகத புத்தர் இருக்கும் வாட் பிரா கேவ் கோயிலின் வெளித் திருச்சுற்றில் இராமாயணம் முழுக்க, தாய் வழக்கில் ராமகியன், 178 சுவரோவியங்களாக ஓடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு வழிகாட்டியே வேண்டாம். அனுமன் வாயைத் திறந்து படையையே காக்கும் இடத்தில் நின்றால் நம் குழந்தைகளே கதை சொல்லும்.

#5 தண்டவாளம்

வடகரை, அந்த ஓவியங்களின் மதிப்பில் கருத்து வேறுபாடு இல்லை. இந்தப் பயணத்துக்கு, இந்த மூன்று பேருக்கு, அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

வரைபடத்தில் அரண்மனையும் வாட் போவும் ஒட்டிக்கொண்டு இருக்கும். அதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. பார்வையாளர் நுழைவாயில் வடக்குப் பக்கம், நா பிரா லான் சாலையில். வாட் போ இருப்பது தெற்குப் பக்கம். வெள்ளை மதில் ஓரமாக முழுக்கச் சுற்றி நடக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது, பாதி தூரம் நிழலே இல்லை. முழங்கால் வலிக்காரருக்கு 20, 25 நிமிடம். சனாம் சாயிலிருந்து அரண்மனை வாசல் அதைவிட அதிகம்.

உள்ளே வரிசை, பரிசோதனை, சுற்று எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம். தலைக்கு 500 பாட். மரகத புத்தரின் உயரம் 66 சென்டிமீட்டர்தான், மிக உயரமான பீடத்தின் மேல் இருக்கிறார். கூட்டத்தில் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. கல்லும் மரகதம் இல்லை, பச்சை நிற ஜேட். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அரை நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம் அது. மூன்றேகால் மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்தை அங்கே கொடுத்துவிட்டு, வெயிலில் நடக்கவும் வைத்தால், மிச்சத்துக்கு அப்பாவின் கால் ஒத்துழைக்காது.

14 மணி நேர லேயோவர் என்றால் நானும் வடகரை பக்கம்தான்.

#6 வடகரை

மதிலைச் சுற்றும் தூரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. முழங்கால் வலி இருக்கும்போது அது பெரிய விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் வாட் போவில் எதைப் பார்ப்பது என்று யாராவது விரிவாக எழுதுங்கள். பெரும்பாலோர் படுத்த புத்தரை மட்டும் பார்த்துவிட்டு 20 நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள்.

#7 பூங்கோதை

வாட் போவுக்கு 2024 முதல் வெளிநாட்டவருக்கு 300 பாட். காலை 8 மணிக்குத் திறக்கும். முதல் ஒரு மணி நேரம் தங்கம் மாதிரி. சுற்றுலாப் பேருந்துகள் வர ஆரம்பித்தால் படுத்த புத்தர் மண்டபத்தில் மெதுவாக நகரும் வரிசைதான். ஆகவே அந்த மண்டபத்துக்கு முதலில் போங்கள், மற்றவை பிறகு.

சிலை 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். தாய்லாந்து அரசர் மூன்றாம் ராமர் காலத்தில், 1832இல் செய்தது. செங்கல்லும் சுதையும் உள்ளே, மேலே பொன் தகடு. மண்டபம் சிலைக்கு அளவெடுத்துக் கட்டிய மாதிரி இறுக்கமாக இருக்கும். நடுவில் தூண்கள் வேறு. முழு உருவமும் எந்தக் கோணத்திலும் ஒரே பார்வையில் விழாது. தலைப்பக்கம் நுழைந்து, தூணுக்குத் தூண் நின்று, துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். படம் எடுக்க நல்ல இடம் பாதத்தின் பக்கத்து மூலை. அங்கிருந்து பார்த்தால் உடல் முழுக்கப் பின்னால் நீண்டு போகும்.

பாதத்தில்தான் நேரம் செலவிடுங்கள். ஒவ்வொரு உள்ளங்காலும் 3 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் நீளம். கறுப்புப் பரப்பில் கிளிஞ்சலின் முத்துப்பூச்சு பதித்து 108 மங்கலச் சின்னங்கள், கட்டம் கட்டமாக. நடுவில் சக்கரம். யானை, புலி, பூ, அரண்மனை, மலை என்று ஒவ்வொன்றும் ஒரு உள்ளங்கை அகலம்தான். ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தால் வெள்ளையாகத் தெரிந்தது பச்சையாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். விரல்கள் எல்லாம் ஒரே நீளம். அது சிற்பியின் பிழை இல்லை, மகாபுருஷ லட்சணங்களில் சேர்ந்தது.

பாதத்தைச் சுற்றி முதுகுப் பக்கம் திரும்பினால் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள். 20 பாட் கொடுத்தால் சின்னக் காசுகள் ஒரு கிண்ணம் நிறையத் தருவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு. போட்டுக்கொண்டே நடந்தால் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த அந்த ‘டிங் டிங்’ சத்தம் எங்கிருந்து வந்தது என்று புரியும். எண்ணிப் போட்டால் காசு சில நேரம் குறையும், சில நேரம் மிஞ்சும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்தது உபோசதக் கூடம். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ‘உபோசத்’ என்பது நம் பழைய பௌத்தச் சொல்லான உபோசதமே. கூடத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் இலை வடிவக் கற்கள் நிற்கும், ‘பாய் சேமா’ என்று பெயர். அந்தச் சேமா பாலி மொழியின் சீமா, நம் ‘சீமை’யும் அதே வேர்தான். அந்த எல்லைக்குள் இருக்கும் கூடத்தில்தான் துறவு கொடுப்பது நடக்கும். உள்ளே அமைதி, தரையில் உட்கார இடம், மின்விசிறி. பெற்றோர் 15 நிமிடம் இளைப்பாற இதைவிட நல்ல இடம் அந்த வளாகத்தில் இல்லை.

வழியில் நான்கு பெரிய ‘சேதி’கள், அதாவது தூபிகள், நான்கு நிறத்தில், இப்போதைய அரச வம்சத்தின் முதல் நான்கு அரசர்களுக்கு. மண்டபச் சுவர்களில் மருத்துவம், உடல் பிடித்துவிடும் முறை பற்றிய சலவைக்கல் கல்வெட்டுகள். யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2011இல் சேர்ந்தவை. மனித உருவத்தில் கோடுகளும் புள்ளிகளும் வரைந்திருக்கும், வர்ம வரைபடம் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். தாய் மசாஜ் பள்ளி இந்த வளாகத்திலேயே இருப்பதும் அதனால்தான். ஆனால் உங்களுக்கு மசாஜுக்கு நேரம் இல்லை. வரிசைச் சீட்டு எடுத்துக் காத்திருந்தால் வாட் அருண் போய்விடும்.

மொத்தம் ஒன்றே கால் மணி நேரம் போதும்.

#8 ஈழத்துக்காற்று

உடுப்பையும் நடத்தையையும் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, நான் சொல்லிறன்.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேணும், ஆம்பிளை பொம்பிளை ரெண்டு பேருக்கும். சேலை உடுத்தால் கையுள்ள சட்டை போடச் சொல்லுங்கோ. அரண்மனைப் பக்கம் கையில்லாச் சட்டைக்கு மேல சால்வையைப் போர்த்தினாலும் விடமாட்டினம். வாட் அருணிலை படி நெட்டுக்குத்து எண்டபடியால் சேலைக் கரை காலிலை தட்டும். அம்மாவுக்குச் சுடிதார் நல்லம். கழற்றிப் போடச் சுகமான செருப்பு. வெயில் ஏறினாப் பிறகு கல்லுத் தளம் கால் சுடும், மெல்லிய காலுறை ஒரு சோடி பையிலை வையுங்கோ.

உள்ளுக்கை இருக்கேக்கை பாதம் புத்தரை நோக்கி நீட்டப்படாது. ரெண்டு காலையும் ஒரு பக்கமா மடிச்சு இருக்க வேணும். முழங்கால் மடங்காதவை சுவரோரம் பக்கவாட்டிலை நிற்கலாம், ஒருத்தரும் குறை சொல்லாயினம். வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கோ. பிக்குமாரைப் பெண்கள் தொடவும் கூடாது, கையிலை நேர ஒண்டும் குடுக்கவும் கூடாது; கீழை வைச்சால் அவர் எடுப்பார்.

இலங்கையிலை புத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்தால் பொலிஸ் வரைக்கும் போகும். தாய்லாந்திலை அவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனால் சிலைக்கு மேல ஏறுறதும், தலைக்கு மேல கை வைக்கிறதும் எங்கையும் பெரிய குற்றம். எங்கட பக்கம் இருக்கிற சியாம் நிக்காயம் எண்ட பிக்குமார் பிரிவு 1753இலை அங்கையிருந்து வந்த உபாலி தேரராலை உண்டானது. அதாலை வழிபாட்டு முறை ரெண்டு பக்கமும் ஒண்டு போலத்தான்.

#9 தாமரைக்குளம்

அருமை. மூன்று சந்தேகம். பூ, ஊதுவத்தி எல்லாம் வெளியே வாங்கிக்கொண்டு போக வேண்டுமா? பணம் எவ்வளவு, எப்படி? வாட் அருணில் அப்பா எவ்வளவு தூரம் ஏற வேண்டும்?

#10 ஈழத்துக்காற்று

பூசைத் தட்டுக் கோயிலுக்குள்ளையே கிடைக்கும்: ஒரு தாமரை மொட்டு, மூண்டு ஊதுவத்தி, ஒரு மெழுகுதிரி, பொன் இலை ஒண்டு. உண்டியலிலை 20 பாட் போட்டு எடுக்கலாம். மூண்டு வத்தி புத்தம், தம்மம், சங்கத்துக்கு. முதலிலை மெழுகுதிரி, அதிலை வத்தியைக் கொளுத்திறது, கும்பிட்டு மணல் சட்டியிலை குத்திறது. பொன் இலையை நகத்தாலை உரிக்காதேங்கோ, கிழிஞ்சு காத்திலை போயிடும். கடதாசியோடை சின்னச் சிலையிலை வைச்சுப் பெருவிரலாலை அழுத்திப்போட்டுப் பிறகு கடதாசியை எடுங்கோ, பொன் ஒட்டிக்கொள்ளும். மூண்டு முறை விழுந்து கும்பிடுறது வழக்கம். ஏலாதவை நிண்டபடி கைகூப்பினால் போதும்.

#11 தண்டவாளம்

பணம். மூன்று பேருக்கு வாட் போ 900, வாட் அருண் 600 (தலைக்கு 200), ரயில் போக வர தலைக்கு 150 அளவு, படகு, தண்ணீர், தட்டு. 2,500 பாட் கையில் இருந்தால் தாராளம். கீழ்த்தளத்தில் ரயில் நுழைவு அருகே இருக்கும் நாணய மாற்றுக் கடைகளில் மேல்தளத்தைவிட நல்ல விலை கிடைக்கும். பெட்டி எடுக்கும் இடத்தில் மாற்ற வேண்டாம். ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் பிடித்துவிடுவார்கள். சின்னத் தொகைக்கு அது கட்டாது.

எம்.ஆர்.டி. வாயிலில் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை நேரடியாகத் தட்டலாம், டோக்கன் வரிசை மிச்சம். ஒருவருக்கு ஒரு அட்டை வேண்டும்; ஒரே அட்டையை மூன்று பேருக்குத் தட்ட முடியாது. இங்கேதான் இந்திய அட்டைகள் பலருக்குச் சிவப்பு விளக்கு காட்டும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிக் கட்டும் வசதியும் நாமே வங்கிச் செயலியில் போட்டுக்கொள்ள வேண்டியவை. சென்னையில் இருக்கும்போதே இரண்டையும் இயக்கிவிடுங்கள். அங்கே போனபின் ஓ.டி.பி. வராமல் தவிக்க நேரும். ஏர்போர்ட் ரயிலுக்கு ரொக்கமாகக் கொடுத்து டோக்கன் எடுங்கள்; அதை நுழையும்போது தட்டி, வெளியேறும்போது துளையில் போட வேண்டும்.

#12 வடகரை

வாட் அருண் நான் எழுதுகிறேன்.

வாட் போவின் மேற்குப் பக்கம் வெளியே வந்தால் தா தியென் படகுத்துறை. குறுக்கே போகும் படகு தலைக்கு 5 பாட். பத்து நிமிடத்துக்கு ஒன்று, ஆற்றைக் கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. துறைக்குப் போகும் வழியில் ‘படகு, படகு’ என்று ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சொல்லி நீளப்படகு சவாரிக்கு அழைப்பார்கள். நிற்காமல் உள்ளே கவுண்டருக்குப் போங்கள். மிதவை அலையில் ஆடும். அப்பா படகில் ஏறும்போது ஒருவர் முன்னால் ஏறி நின்று கை கொடுக்க வேண்டும்.

அருண் என்பது நம் அருணன், சூரியனின் சாரதி. நடுக் கோபுரம் மேரு மலை. தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரிவது கிட்டே போனால் பூப்பூவாகப் பிரியும்: சீனக் கப்பல்களில் பாரத்துக்காக வந்த பீங்கான் தட்டு, கிண்ணங்களை உடைத்துப் பதித்திருக்கிறார்கள். ஒரு பூவின் இதழ்கள் தட்டின் வளைந்த விளிம்புகள். நடுவே ஒரு கிண்ணத்தின் அடிப்பாகம் அப்படியே. கூடவே கடற்சிப்பி. மேல் மாடங்களில் மூன்று தலை ஐராவதத்தின் மேல் இந்திரன். கோபுரத்தைத் தாங்கும் அரக்கரும் வானரரும் வரிசை வரிசையாக, முழங்கை மடக்கி.

அப்பாவுக்கான பதில்: ஏறவே வேண்டாம். முதல் தளத்துக்குச் சில படிகள்தான், கைப்பிடியும் உண்டு. அதற்கு மேல் படி ஒவ்வொன்றும் உயரமாக, குறுகலாக இருக்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். கீழே பார்த்தால் தலை சுற்றும். பீங்கான் வேலையின் அழகு கீழ்த்தளத்தில் கண் உயரத்திலேயே இருக்கிறது. தரையோடு ஒரு சுற்று, பிறகு பக்கத்தில் இருக்கும் பழைய உபோசதக் கூடம். அதன் வாசலில் இரண்டு பெரிய காவல் அரக்கர்கள். வெள்ளை நிறம் சகஸதேச. பச்சை நிறம் ‘தொட்சகன்’, அதாவது தசகண்டன், நம் இராவணன். புத்தர் வாசலில் இராவணன் கதாயுதத்தை ஊன்றிக் காவல் நிற்பதை அப்பாவுக்குக் காட்டுங்கள்.

இன்னொன்று: மரகத புத்தர் இப்போதைய கோயிலுக்குப் போவதற்கு முன் இருந்தது வாட் அருணில்தான். என் வருத்தத்துக்கு அது ஓரளவு ஆறுதல்.

#13 பூங்கோதை

ஏமாற்று ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. சாலையில் நல்ல ஆங்கிலத்தில், நல்ல உடையில் ஒருவர் வந்து ‘இன்று கோயில் மூடியிருக்கிறது, பிக்குகளின் சடங்கு, மதியம்தான் திறக்கும்’ என்பார். பிறகு 20 பாட்டுக்கு மூன்று கோயில் காட்டும் டுக்-டுக் ஒன்று தானாக வந்து நிற்கும். அது முடிவது ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோதான். வாசலில் இருக்கும் டிக்கெட் கவுண்டரைத் தவிர யார் சொன்னாலும் கோயில் திறந்துதான் இருக்கிறது.

நினைவுப் பொருள் வாங்கினால்: கழுத்தில் போடும் சின்ன பதக்கம் பிரச்சினை இல்லை. புத்தர் சிலையையோ, தலை மட்டும் உள்ள உருவத்தையோ நாட்டுக்கு வெளியே எடுத்துப்போக நுண்கலைத் துறையின் உரிமம் வேண்டும். கடைக்காரர் தேவையில்லை என்பார், விமான நிலையத்தில் நிறுத்துவார்கள்.

சாப்பாடு. பெற்றோர் சைவமா? ‘மங்சவிராட்’ என்றால் முட்டை இருக்கலாம். ‘ஜே’ என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்டிருக்கும். முட்டை, பால், மீன் சாறு எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டும் சேர்க்கமாட்டார்கள். கோயில் பகுதியில் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போகும். சுவர்ணபூமி முதல் தளத்தில் 8ஆம் வாசல் பக்கம் ஊழியர்களும் சாப்பிடும் கூப்பன் உணவுக்கூடம் இருக்கிறது. மலிவு. அதைப் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள், உள்ளே போனால் விலை பல மடங்கு.

#14 கடலூரான்

இழைக்கு நன்றி. எனக்கு பாங்காக்கின் இன்னொரு விமான நிலையமான டான் முவாங்கில் இறக்கம், 11 மணி நேரம். அங்கிருந்து?

#15 தண்டவாளம்

டான் முவாங்கிலிருந்து சிவப்புத் தட ரயில், 2021இல் திறந்தது. கால் மணி நேரத்தில் க்ருங் தெப் அபிவட் மத்திய முனையம் (பழைய பெயர் பாங் சூ). அங்கே எம்.ஆர்.டி. நீலத் தடத்தின் பாங் சூ நிலையம். தா பிரா வரை மேற்குப் பக்கமாகப் போய், அங்கே மாடி மாறி லக் சோங்கிலிருந்து வரும் வண்டியில் ஏறினால் முதல் நிலையம் இட்சராபாப், இரண்டாவது சனாம் சாய். டான் முவாங்கில் இறங்கி சுவர்ணபூமியில் ஏறுபவர் என்றால் கணக்கு முழுக்க வேறு. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே சாலை நெரிசலுக்கு மட்டும் 2 மணி நேரம் வையுங்கள், கோயிலை மறந்துவிடுங்கள்.

#16 வடகரை

கடலூரான், உங்களுக்கு நேரம் இருப்பதால் சொல்கிறேன்: சாம் யோட் நிலையத்தில் இறங்கிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் வாட் சுதாட். 100 பாட், கூட்டம் குறைவு. சுகோதாயிலிருந்து ஆற்றில் கொண்டுவந்த 8 மீட்டர் உயர வெண்கல புத்தர், சுவர் முழுக்க ஓவியம். வாசலுக்கு எதிரே சிவப்பு நிறத்தில் வானுயர்ந்த ஊஞ்சல் கம்பங்கள். 1935இல் ஊஞ்சலாடுவது நின்றுவிட்டது; இப்போது இருப்பது 2007இல் தேக்கில் புதுப்பித்தது. அந்த விழாவின் பெயர் திரியம்பாவை. நம் திருவெம்பாவைதான். பக்கத்தில் இருக்கும் தேவஸ்தானத்தில் அரசவைப் பிராமணர்கள் இன்றும் மார்கழி, தை ஒட்டி அதன் பாடல்களை ஓதுகிறார்கள். உச்சரிப்பு தேய்ந்து சொல் பிடிபடாது, ஆனாலும் அது தமிழ். இதைத் தமிழ்ப் பயணிகள் பார்க்காமல் போவது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

#17 தாமரைக்குளம்

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்த திட்டம்: 8:55 வாட் போ, முதலில் படுத்த புத்தர், பிறகு உபோசதக் கூடம். 10:15 படகு. 10:30 வாட் அருண், தரையோடு சுற்று. 11:30க்கு மேல் கிளம்பல். படகில் திரும்பாமல் வாட் அருண் பக்கமே இருக்கும் இட்சராபாப் நிலையத்துக்குப் போகலாமா? வரும் வழியில் ஹுவா லம்போங்கில் இறங்கிப் பொன் புத்தரைப் பார்த்துவிடலாம் என்று அம்மா ஆசைப்படுகிறார்.

#18 தண்டவாளம்

இட்சராபாப் நல்ல யோசனை. 800 மீட்டர் அளவு. அப்பாவுக்காகச் செயலியில் ஒரு கார் பிடித்துவிடுங்கள். நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது. அங்கிருந்து சனாம் சாய் வரை சுரங்கம் ஆற்றுக்கு அடியில் போகிறது.

பொன் புத்தர்: 1955இல் இடம் மாற்றும்போது சுதை பெயர்ந்து உள்ளே பொன் தெரிந்த சிலை, ஐந்தரை டன். பார்க்க வேண்டியதுதான், ஆனால் மண்டபம் உயரத்தில், படி நிறைய. ஹுவா லம்போங்கில் இறங்கி நடந்து, ஏறி, திரும்ப 50 நிமிடம். 11:30க்கு இட்சராபாப்பில் வண்டி ஏறியிருந்தால் மட்டும் யோசியுங்கள். 11:45 ஆகிவிட்டால் நேராக பெட்சபுரி. அம்மா மட்டும் ஏறி, அப்பா கீழே உட்காருவதானாலும் நேரக் கணக்கு மாறாது.

ஒரு கடைசி எச்சரிக்கை. இட்சராபாப்பில் நீங்கள் ஏற வேண்டிய வண்டியின் பலகையில் ‘தா பிரா’ என்று போட்டிருக்கும். வரைபடத்தில் பார்த்தால் தா பிரா எதிர்ப்பக்கத்து அடுத்த நிலையம், அதனால் பலர் மேடை மாறி எதிர்த்திசையில் ஏறிவிடுகிறார்கள். நீலத் தடம் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தா பிராவுக்கே வருவதால் வரும் குழப்பம் இது. முனையப் பெயரைப் பார்க்காதீர்கள். மேடையில் ‘பாங் சூ வழியாக’ என்ற வரியும், அடுத்த நிலையம் சனாம் சாய் என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏறியபின் பதினொன்றாவது நிலையம் பெட்சபுரி.